சிவப்பு வாளியின் உள்குத்து

அந்தத் தெருவில் யாருக்கு இடுப்பு பெருத்தாலும் சிறுத்தாலும் அது முதலில் தெரிவது அவர்கள் வீட்டுக்கு அல்ல, அக்காவுக்குத்தான். டிரை கிளீனிங் கடையின் பின்பக்கம், இஸ்திரி மேசைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தையல் மெஷின் போட்டிருக்கிறது. அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவள் அக்கா. புதிதாக அவள் எதையும் தைப்பதில்லை. மற்றவர்கள் தைத்ததைப் பிரிப்பாள், பிடிப்பாள், தளர்த்துவாள், மடித்து விடுவாள். கல்யாணத்துக்கு முன்னால் பிடிக்கச் சொல்லிக் கொண்டுவந்த அதே பேண்ட்டை, கல்யாணம் ஆன மறுவருஷம் தளர்த்தச் சொல்லிக் கொண்டுவருவார்கள். "வீட்டுச் சாப்பாடு நல்லா ஒத்துக்குது போல" என்று ஊசியைப் பல்லில் கடித்தபடி ஒரு வார்த்தை விடுவாள் அக்கா. வந்தவர் சிரிப்பதா கோபித்துக்கொள்வதா என்று தெரியாமல் நிற்பார்.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால் "அளவு சரியா வரல" என்பாள். அதற்கு மேல் கேட்கும் தைரியம் இதுவரை யாருக்கும் வந்ததில்லை. அப்பா அம்மா போன பிறகு தம்பியை வளர்த்து, படிக்கவைத்து, டைல்ஸ் கடையில் வேலைக்குச் சேர்த்து, அவனுக்கு ஒருத்தியைக் கட்டிவைத்ததும் அவள்தான். ஆக, அந்த வாடகை வீட்டில் மூன்று பேர். அக்கா, தம்பி, தம்பியின் மனைவி. தம்பி மனைவிக்குப் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை வேலை. வலியோடு வருகிறவர்களைப் பார்த்து நாள் முழுக்கச் சிரித்துவிட்டு வருவதால், வீட்டில் சிரிக்க அவளிடம் மிச்சம் இருப்பதில்லை என்பது அக்காவின் கட்சி.

இந்த இரண்டு பெண்களும் பல வருஷமாக ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. அதனால் வீடு அமைதியாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அடேயப்பா, அங்கே நடந்த பேச்சு வேறெந்த வீட்டிலும் நடந்திருக்காது! எல்லாம் ஜாடை. அக்கா ஃபிரிட்ஜிடம் சொல்வாள். தம்பி மனைவி வாஷிங் மெஷினிடம் பதில் சொல்வாள்.

"பாலை வெளியில வச்சிட்டுப் போனா அது தானா நடந்து உள்ள வருமா?" என்று ஃபிரிட்ஜின் கதவைத் திறந்து அதனிடம் விசாரிப்பாள் அக்கா.

"காலைல எழுந்து முதல்ல டீ போட்டுக் குடிச்சது யாரோ, அவங்களத்தான் கேக்கணும்" என்று வாஷிங் மெஷினுக்குள் தலையை விட்டபடி தம்பி மனைவி சொல்வாள்.

தம்பி வீட்டில் இருந்தால் ஃபிரிட்ஜுக்கு ஓய்வு. அப்போது எல்லாம் அவன் வழியாகத்தான். "உங்க அக்காவ சாப்பிட வரச் சொல்லுங்க" என்று, கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் அக்காவைப் பற்றி அவனிடம் சொல்வாள். "பசிக்கலன்னு சொல்லுடா" என்பாள் அக்கா. அவன் வாயைத் திறப்பதற்குள் செய்தி போய்ப் பதிலும் வந்திருக்கும். "அப்ப நான் எதுக்கு நடுவுல?" என்று ஒரு தடவை கேட்டான், பாவம். இரண்டு பேரும் சேர்ந்து முறைத்த முறைப்பில் அன்றோடு கேட்பதை விட்டான்.

இத்தனைக்கும் ஆரம்பம் ஒரு பச்சை கவுன். ஆஸ்பத்திரியில் ஏதோ விருந்து என்று தம்பி மனைவி ஆசையாக வாங்கி வந்து ஆணியில் மாட்டியிருந்தாள். அக்காவின் கண்ணில் பட்டது. அக்குள் பக்கம் தொளதொளவென்று இருந்தது. நாலு பேர் நடுவே இப்படியா போய் நிற்பது? சொன்னால் கூச்சப்படுவாள், சத்தம் போடாமல் செய்து வைத்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்து, அவள் குளித்துவிட்டு வருவதற்குள் வீட்டில் வைத்திருந்த தன் சொந்தத் தையல் மெஷினில் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்து, திரும்ப மாட்டிவிட்டாள். அளவெல்லாம் எடுக்கவில்லை. அக்காவுக்குக் கண்ணளவே போதும், அது பிசகியதே இல்லை. ஆனால் அன்றைக்கு அவள் மனதில் நின்றது கல்யாணத்தன்று பார்த்த ஒல்லிப் பெண். இடையில் தம்பி மனைவியும் கொஞ்சம் பூசினாற்போல் ஆகியிருந்தாள். கவுன் பாதியில் சிக்கிக்கொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. தம்பி வந்து பிடித்து இழுத்த இழுப்பில் பக்கத் தையல் தெறித்த பிறகுதான் அவளால் மூச்சு விட முடிந்தது.

கண்ணாடியைப் பார்த்து அவள் சொன்னாள்: "நான் குண்டாயிட்டேன்னு வாயால சொல்லியிருக்கலாம். இப்படித் தைச்சுச் சொல்ல வேண்டியதில்ல."

அக்காவுக்குச் சுருக்கென்றது. ஆசையாகச் செய்ததற்குள்ளே இப்படி ஓர் அர்த்தத்தைத் தேடி எடுப்பாளா ஒருத்தி? ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இந்தக் காலத்துல யாருக்கும் நல்லது நினைக்கக் கூடாது" என்றாள் தையல் மெஷினிடம். அன்று பிடித்த ஜாடைதான். வருஷங்கள் போனதே ஒழிய ஒருத்தியும் இறங்கி வரவில்லை.

இந்த வீட்டுக்குள்தான் தாங்கி வந்து சேர்ந்தான். தாங்கி என்பது ஒரு டிவி தொடரின் நாயகன். எங்கோ எடுத்ததைத் தமிழ் பேச வைத்துச் சனிக்கிழமை சாயங்காலம் போடுவார்கள். பகலில் அவன் ரயில் நிலையத்தில், பயணிகள் தொலைத்த சாமான்களை வைத்திருக்கும் அறையில் குமாஸ்தா. ஆபத்து என்றால் ஒரு நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். விழுகிற எதையும் அவன் பார்த்தால் போதும், அது அந்தரத்தில் அப்படியே நிற்கும். அவனுக்கு எதிரி குடைக்காரன். அவன் தன் ஊதாக் குடையை விரித்தால் மேலே இருப்பதெல்லாம் கீழே வந்துவிடும். பாலம், பஸ், பன்னிரண்டு மாடிக் கட்டடம், எதுவும் விலக்கில்லை.

அக்காவை இதில் இழுத்துவிட்டவர் கடையின் இஸ்திரிக்காரர். நீராவிக்கு நடுவே நின்றுகொண்டு உலகத்தில் எதுவும் தற்செயல் இல்லை என்று நம்புகிற மனிதர். "டெய்லரம்மா, கதையைப் பாக்காதீங்க. கதைக்குப் பின்னாடி பாருங்க" என்றார். "சுவத்துல மாட்டியிருக்கற படம், கடை போர்டு, பஸ் நம்பர், எல்லாத்துலயும் உள்குத்து வச்சிருக்கான். ரயில்வே ஸ்டேஷன் கடிகாரம் ஏன் எப்பவும் ஒரே மணியைக் காட்டுது? யோசிங்க!"

தொடர் ஏதோ ஒரு பழைய படக்கதையிலிருந்து வந்ததாம். அதைப் படித்தவர்கள் மட்டும் சிரித்துக்கொள்ளும்படி பின்னணியில் அங்கங்கே எதையாவது ஒளித்து வைப்பார்களாம். அடுத்து நடக்கப்போவதற்கும் முன்கூட்டியே ஓர் அடையாளம் காட்டியிருப்பார்களாம். இதைக் கேட்டதும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். சொல்லாமல் சொல்வது, சொன்னதற்குள் சொல்லாததைத் தேடுவது! ஃபிரிட்ஜோடு வருஷக்கணக்காகப் பேசி வந்தவளுக்கு இது என்ன பெரிய வித்தையா?

அந்தச் சனிக்கிழமையே டிவி முன்னால் உட்கார்ந்தாள். மூன்றாவது வாரம் "நிறுத்துடா!" என்று அலறினாள். ரிமோட் எப்போதும் தம்பி கையில். பதறிப்போய் அழுத்தினான். திரையில் குடைக்காரன் கோட்டோடு உறைந்து நின்றான்.

"பொத்தானப் பாரு. கறுப்புக் கோட்டுல சிவப்பு நூல், அதுவும் குறுக்குத் தையல். தாங்கியோட நீலக் கோட்டுலயும் இதே நூல், இதே தையல். ரெண்டு கோட்டுக்கும் பொத்தான் வச்சது ஒரே கைடா. ரெண்டு பேருக்கும் ஒரே அம்மா!"

தம்பிக்கு இதெல்லாம் ஏறாது. சண்டை வந்தால் பார்ப்பான், மற்ற நேரம் கொட்டாவி விடுவான். ஆனால் சாப்பாட்டு மேசையில் ஆஸ்பத்திரிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த தம்பி மனைவியின் கை நின்றது. தொடரே பார்க்காதவள் மாதிரி இத்தனை நாள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவள், சொல்லாமல் இருக்க முடியாமல் தம்பியிடம் சொன்னாள்: "அம்மா ஒண்ணுதான்னு எனக்குப் போன வாரமே தெரியும். தொலைஞ்ச சாமான் ரூம்ல ஒரு பழைய ஃபோட்டோ மாட்டியிருந்துச்சுல்ல, ரெண்டு பசங்க நிக்கற படம்? அதுல சின்னவனுக்கு முன்பல்லு ஓரம் உடைஞ்சிருக்கு. குடைக்காரன் சிரிக்கறப்ப பாருங்க. அதே பல்லு."

பல்லை அக்கா பார்க்கவே இல்லை! சீசன் முடிவில் தாங்கியும் குடைக்காரனும் அண்ணன் தம்பி என்று கதையே சொன்னபோது ஊரே வாயைப் பிளந்தது. இந்த வீட்டில் மட்டும் இரண்டு பெண்கள், நேராகப் பார்த்துக்கொள்ளாமல், ஆளுக்கொரு பக்கம் பெருமையாகச் சிரித்துக்கொண்டார்கள்.

அதிலிருந்து சனிக்கிழமை என்றால் வீட்டில் ஒரு களை வந்துவிடும். தம்பி மனைவி இஸ்திரியைத் தூக்கிப்போட்டுவிட்டு சோபாவின் அந்த மூலையில் உட்கார்வாள். இந்த மூலையில் அக்கா. நடுவில் ரிமோட்டோடு தம்பி. "சிலபேரு பொத்தானையே பாத்துட்டு இருப்பாங்க, பின்னாடி போற ஆளைப் பாக்கமாட்டாங்க" என்று ஒரு பக்கமிருந்து வரும். "சிலபேருக்குப் பல்லத் தவிர என்ன தெரியும்?" என்று மறுபக்கமிருந்து வரும். குத்தல்தான். ஆனாலும் சனிக்கிழமை பிஸ்கட் தட்டை இரண்டு பேருக்கும் எட்டுகிற மாதிரி தம்பியின் மடியில் வைப்பது அக்காதான். அதை அவளிடம் சொன்னால் மறுத்துவிடுவாள்.

கடைசி சீசன் ஆரம்பித்தபோது சிவப்பு வாளி வந்தது. குடைக்காரனின் ரகசிய அறையில், மூலையில், காரணமே இல்லாமல் ஒரு சிவப்பு வாளி நின்றது. இஸ்திரிக்காரருக்கு இரண்டு நாள் வேலை ஓடவில்லை. "அது அம்மாவோட வாளி. இல்லன்னா நான் இந்த இஸ்திரிப் பெட்டியைத் தொடறதையே விட்டுடறேன்" என்றார். குடைக்காரனுக்குத் தண்ணீரில்தான் சாவு என்பது அக்காவின் தீர்ப்பு. தம்பி மனைவியோ, "கூரை ஒழுகுது. அதுக்குத்தான் வாளி. ஊரையே விழவைக்கறவன் வீட்டுல சொட்டு சொட்டா விழறத நிறுத்த அவனாலயே முடியல. பாவம்ல?" என்று ஜன்னலிடம் சொன்னாள். நல்லாத்தான் யோசிக்கிறாள் என்று அக்காவுக்குத் தோன்றியது. ஜன்னலிடம் அதை ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை.

இப்படி இருக்கும்போது வீட்டுக்காரர் வீட்டைக் காலி பண்ணச் சொன்னார். மகன் குடும்பத்தோடு திரும்பி வருகிறானாம். தம்பியும் மனைவியும் அலைந்து ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்தார்கள். "ரெண்டு ரூம், ஒரு ஹால்" என்றான் தம்பி. அவ்வளவுதான் சொன்னான். எந்த ரூம் யாருக்கு என்று சொல்லவில்லை. அவனுக்கு அதெல்லாம் சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றாது. அக்காவுக்கு மட்டும் பயம் பிடித்துக்கொண்டது. பேசாத நாத்தனாரைப் புது வீட்டுக்கும் கட்டிச் சுமக்க எந்தப் பெண்ணுக்குத் தலையெழுத்து? கழட்டிவிட நல்ல சந்தர்ப்பம் இதுதானே? இந்த வயதில் தனியாக எங்கே போய் நிற்பது, சனிக்கிழமை யாரோடு உட்கார்ந்து டிவி பார்ப்பது என்று நினைத்ததும், ஊசிக்குள் நூல் போகவில்லை.

பயம் வந்துவிட்டால் கண்ணுக்கு எல்லாம் அடையாளமாகத்தான் தெரியும். முதலில் கர்ட்டன். தம்பி மனைவி புது வீட்டுக்குக் கர்ட்டன் துணி எடுத்து வந்து, வழக்கம்போல் ஒன்றும் பேசாமல் வீட்டுத் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டுப் போனாள். அக்கா பிரித்துப் பார்த்தாள். ஹாலுக்கு ஒரு துணி. ஒரு படுக்கையறைக்கு ஒரு துணி. அவ்வளவுதான். இன்னொரு ரூமுக்குத் துணியே இல்லை. துணியை உதறினாள், பையைக் கவிழ்த்தாள். இல்லை. கண் கலங்கிப்போனாலும் கர்ட்டனைத் தைத்தாள். ஓரம் ஒரு நூல்கூடக் கோணவில்லை. யாரும் குறை சொல்லக் கூடாதல்லவா?

அடுத்தது மெஷின். கர்ட்டனைத் தைத்து முடித்த மறுநாளே, வீட்டில் ஒரு பாத்திரம்கூட இன்னும் கட்டப்படாத நிலையில், அவளுடைய தையல் மெஷினைப் பழைய போர்வை சுற்றிக் கயிறு கட்டி வாசல் கதவோரம் நிறுத்திவிட்டாள் தம்பி மனைவி. எல்லாவற்றுக்கும் முன்னால் வெளியே போகவேண்டியது எது என்று அக்காவுக்குப் புரிந்துபோயிற்று.

கடையில் போய் இஸ்திரிக்காரரிடம் கொட்டினாள். அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ரெண்டு கர்ட்டன்தானா?"

"ரெண்டுதான்."

"மெஷினை முதல்ல கட்டினாங்களா?"

"முதல்ல."

"முடிஞ்சுது டெய்லரம்மா" என்றார். "தெளிவான உள்குத்து. இதுல யோசிக்க ஒண்ணுமே இல்ல."

அந்த ஆளை என்ன செய்வது! ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவேண்டிய இடத்தில், ஒரு ரசிகர் இன்னொரு ரசிகரைப் பாராட்டுவதுபோல் தலையை ஆட்டினார். கடை மாடியில், யாரும் வாங்க வராத துணிகளைப் போட்டுவைக்கும் ஒரு சின்ன அறை இருந்தது. அதைத் தனக்கு விடமுடியுமா என்று முதலாளியைக் கேட்டாள் அக்கா. அவர் சரி என்றார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மாடிக்குப் போய், மறந்துபோன கோட்டுகளை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு, தரையைத் தேய்த்துக் கழுவினாள். ஜன்னல் இல்லை. கர்ட்டன் செலவு மிச்சம் என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது.

இதற்கு நடுவில்தான் அது நடந்தது. ஒரு நாள் காலை, தம்பி கிளம்பிப் போன பிறகு, அக்கா சமையலறையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். தம்பி மனைவி உள்ளே வந்தாள். வாஷிங் மெஷின் பக்கம் போகவில்லை. அக்காவின் முகத்தை நேராகப் பார்த்து நின்றாள்.

"அண்ணி, புது வீட்டுக்கு நீங்களும் வரீங்கல்ல?"

அக்கா திரும்பித் தன் பின்னால் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. தன்னிடம்தான் கேட்கிறாள்! இத்தனை வருஷத்தில் நேராக வந்த முதல் பேச்சு. கூட இருக்கவேண்டியவளை வருகிறாயா என்று யாராவது கேட்பார்களா? வரமாட்டேன் என்று அவள் வாயாலேயே சொல்ல வைக்கத்தானே இந்தக் கேள்வி? அப்படித்தான் ஓடியது அக்காவின் புத்தி. ஜாடையில் ஊறிய மண்டை, வேறு எப்படி ஓடும்?

"யோசிக்கணும்" என்றாள் ஃபிரிட்ஜிடம். டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். தம்பி மனைவியின் முகம் வாடியதை அவள் பார்க்கவில்லை. பொத்தான் தெரிந்த கண்ணுக்கு அது தெரியவில்லை, பாருங்கள்.

வீடு மாறுவதற்கு முந்தைய நாள் சனிக்கிழமை. 'தாங்கி'யின் கடைசிப் பகுதி. வீடெல்லாம் மூட்டையும் அட்டைப்பெட்டியும். டிவியை மட்டும் கட்டாமல் விட்டிருந்தார்கள். சோபாவின் அந்த மூலையில் அவள், இந்த மூலையில் இவள், நடுவில் அவன். அன்றைக்கு ஜாடைகூட இல்லை. திரையில் நகரமே இடிந்து விழ, தாங்கி அத்தனையையும் கண்ணால் பிடித்து நிறுத்தினான். கடைசியில் குடைக்காரன் தானாகவே குடையை மடக்கி அண்ணன் கையில் கொடுத்தான். அந்தக் குடை தொலைந்த சாமான் அறையில் ஒரு கொக்கியில் போய்த் தொங்கியது. சண்டை முடிந்ததும் தம்பி துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு, தொடரை எடுத்தவர்கள் உட்கார்ந்து ரசிகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று வந்தது. முதல் கேள்வியே சிவப்பு வாளி. கடைசிவரை அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே, அதன் ரகசியம் என்ன? இரண்டு பெண்களும் சோபாவின் நுனிக்கு வந்தார்கள்.

எடுத்தவர் தலையைச் சொறிந்தார். தமிழ்க் குரல் சொல்லிற்று: "அதுல ஒரு ரகசியமும் இல்லைங்க. அது பெயிண்டரோட வாளி. செவுத்துக்கு அடிச்சிட்டு மறந்து வச்சிட்டுப் போயிட்டாரு. நாங்களும் கவனிக்கல. டிவியில வந்த பிறகுதான் பாத்தோம்."

அந்த மூலையிலிருந்து 'க்ளுக்' என்று ஒரு சத்தம் வந்தது. தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அக்காவுக்கும் அடக்க முடியவில்லை. ஒரு வாளி! எத்தனை வாரத் தூக்கத்தைக் கெடுத்தது! இஸ்திரிக்காரர் இதைக் கேட்டுப் பெட்டியைத் தூக்கி எறிந்திருப்பார். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியபோது அக்காவுக்குள் ஏதோ ஒன்று இடித்தது. பச்சை கவுனில் தான் வைத்த தையலில் ஓர் அர்த்தமும் இருக்கவில்லை. தொளதொளவென்று இருந்தது, பிடித்தாள், அவ்வளவுதான். அதில் அர்த்தம் தேடினாளே என்றுதான் இத்தனை வருஷக் கோபம். அப்படியானால் தான் இந்த ஒரு மாதமாகச் செய்துகொண்டிருப்பது என்ன?

கேட்டுவிடவேண்டும். கேட்கலாம் என்று வழக்கம்போல் ஃபிரிட்ஜைத் தேடினாள். ஃபிரிட்ஜைப் படுக்கை விரிப்பால் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். வாஷிங் மெஷினையும் கட்டியாயிற்று. தையல் மெஷின் கதவோரம் போர்வைக்குள். கண்ணாடியைப் பெட்டிக்குள் வைத்தாயிற்று. தம்பி குளியலறையில். பேசுவதற்கு வீட்டில் ஒரு நாதி இல்லை, எதிரே இருக்கிற அவளைத் தவிர.

"ஏம்மா" என்றாள் அக்கா. "என் ரூமுக்கு ஏன் கர்ட்டன் துணி எடுக்கல?"

இந்தத் தடவை தம்பி மனைவி தன் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். "உங்களக் கேக்காம எப்படி அண்ணி எடுக்கறது? கேக்காம ஒண்ணு பண்ணி, ஒரு கவுனால நாம பட்டது போதாதா? என்ன கலர் பிடிக்கும்னு கேக்கத்தான் அன்னைக்கு வந்தேன். முதல்ல வரீங்களான்னு ஆரம்பிச்சேன். நீங்க யோசிக்கணும்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க."

"மெஷின முதல் ஆளா கட்டி வாசல்ல வச்சியே?"

"அங்க ஒரு ரூம்லதான் பெரிய ஜன்னல் இருக்கு. உங்களுக்குத் தைக்க வெளிச்சம் வேணும்ல. முதல் நடையில உங்க மெஷின் போய் அங்க உக்காந்தாத்தான் ஆச்சு. இல்லன்னா உங்க தம்பி அந்த ரூம் முழுக்க டைல்ஸ் சாம்பிளைக் கொண்டுவந்து அடுக்கிடுவாரு. உங்களுக்குத் தெரியாதா அவர?" சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "கடை மாடியில ரூம் கழுவி வச்சிருக்கீங்கன்னு ஆஸ்பத்திரிக் கோட்டை உங்க கடையில வெளுக்கப் போட வந்தப்ப இஸ்திரிக்காரர் சொன்னாரு. என்கூட இருக்க உங்களுக்குப் பிடிக்கலன்னு நினைச்சுட்டேன். ரெண்டு நாளா ஆஸ்பத்திரியில எனக்குச் சிரிப்பே வரல அண்ணி."

அக்கா எழுந்து போய் அவள் பக்கத்தில், தம்பியின் இடத்தில் உட்கார்ந்தாள். முந்தாநாள் மாடியில் அழுத அழுகை திரும்ப வந்தது. இந்தத் தடவை மறைக்கவில்லை.

"அந்த கவுன்" என்றாள். "உன்ன நான் ஒண்ணும் சொல்லலம்மா. அதுவும் பெயிண்டர் வாளிதான்."

"தெரியுது அண்ணி. அன்னைக்கே வாயத் திறந்து கேட்டிருக்கணும்" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சியபடி. "என்ன கலர்?"

"எதுக்கு?"

"கர்ட்டனுக்கு."

அக்கா யோசித்தாள். தனக்கு என்ன கலர் பிடிக்கும் என்று யாரும் அவளைக் கேட்டதில்லை. ஊரார் துணியிலேயே காலம் போய்விட்டது. "நீலம்" என்றாள். "தாங்கி கோட்டு நீலம்."

"சிவப்பு நூல் போட்டுத் தைங்க, குறுக்குத் தையல்."

"கர்ட்டனுக்குப் பொத்தான் கிடையாது, அசடு."

"வச்சா என்ன? யாரு வந்து பாக்கப்போறா?"

இதற்கு இரண்டு பேரும் போட்ட சிரிப்புச் சத்தத்தில் குளியலறைக் கதவு திறந்தது. தலை நிறைய சோப்பு நுரை, ஒரு கண் மூடியபடி தம்பி எட்டிப் பார்த்தான்.

"யாரு வந்திருக்காங்க?" என்றான். "ரெண்டு பேரு பேசற சத்தம் கேட்டுச்சே?"

"யாரும் வரலடா" என்றாள் அக்கா. "நாங்கதான்."

தம்பி அக்காவைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். நடுவில் தன் இடம் போய்விட்டதைப் பார்த்தான். நுரை வழிந்து கண்ணில் இறங்குவதைக்கூடத் துடைக்காமல், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவனுக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

"இதுல என்ன உள்குத்து?" என்றான்.

"ஒண்ணுமே இல்ல, போய்க் குளிங்க" என்றாள் அவன் மனைவி.